பதில் சொன்னது யார்?

புதிய செயலியை வெளியிட்ட நாள். காலை பத்து மணி வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அதற்கப்புறம் ஒருவராலும் உள்ளே நுழைய முடியவில்லை. லாகின் பக்கத்தில் சரியான பாஸ்வேர்டைத் தட்டினாலும், "பலமுறை முயன்றுவிட்டீர்கள், சற்றுப் பொறுத்து வாருங்கள்" என்று ஒரே பல்லவி. அந்த வாசகத்தை எழுதியவனே நான்தான்.

எங்கள் ஏற்பாடு சாதாரணமானது. முன்னால், வருகிறவர்களை வாங்கி உள்ளே அனுப்பும் வெப் சர்வரான எஞ்சின்எக்ஸ் (nginx), பின்னால் 3000 ஆம் போர்ட்டில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட், அதற்குள் பதில் சொல்லும் ஃப்ரேம்வர்க்கான எக்ஸ்பிரஸ். பிரவுசரில் ஓடும் முன்பக்கத்தின் கோப்புகளை, அதாவது ரியாக்ட் பில்டில் வருபவற்றை, எஞ்சின்எக்ஸே கொடுத்துவிடும். தரவைக் கேட்டோ கொடுத்தோ ஏபிஐக்கு வரும் ரிக்வெஸ்ட் மட்டும் பின்னால் போகும். லாகினை யாராவது இடித்துக்கொண்டே இருந்தால் தடுக்க ஒரு மிடில்வேர் (ரிக்வெஸ்ட் போகும் வழியில் நின்று பார்க்கும் ஃபங்ஷன்) போட்டிருந்தேன்: ஒரு ஐபி முகவரிக்கு 15 நிமிடத்தில் 100 முயற்சி. தாராளமான கணக்கு என்றுதான் நினைத்தேன்.

நோட்டை ரீஸ்டார்ட் செய்தேன். சரியாகிவிட்டது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை, மறுபடியும் அதே புகார். மறுபடியும் ரீஸ்டார்ட், மறுபடியும் சரி. இப்படி மூன்று முறை. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிற கோளாறைப் போல ஆளை ஏமாற்றுவது வேறு இல்லை. மெமரி நிரம்புகிறது போல என்று நான் அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். அந்த மிடில்வேர் தன் எண்ணிக்கையை நோட்டின் மெமரியில்தான் வைத்திருக்கிறது, ரீஸ்டார்ட் செய்தால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போகிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

கண்டுபிடித்தது, அணியில் சேர்ந்து இரண்டு மாதமே ஆன தம்பி. எஞ்சின்எக்ஸ், எக்ஸ்பிரஸ் இரண்டின் லாக்குகளையும் (யார் வந்தார்கள் என்று குறித்துவைக்கும் பதிவுகள்) பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்திருந்தான்.

"அண்ணா, எஞ்சின்எக்ஸ் லாக்ல விதவிதமான ஐபி வருது. நம்ம லாக்ல பாருங்க, எல்லாரும் 127.0.0.1ல இருந்துதான் வர்றாங்க."

127.0.0.1 என்றால் அதே இயந்திரம்தான், எங்கள் எஞ்சின்எக்ஸும் அதில்தான் ஓடுகிறது. எக்ஸ்பிரஸைப் பொறுத்தவரை அன்று எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு பயனர். அவர் பெயர் எஞ்சின்எக்ஸ். அவர்தான் பத்து மணிக்குள் நூறு முறை லாகின் செய்துவிட்டு, பதினைந்து நிமிடம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். என் மடிக்கணினியில் நடுவில் எஞ்சின்எக்ஸ் கிடையாது, அங்கே 127.0.0.1 என்று வந்தால் அது நானேதான். அதனால் சோதனையில் இது கண்ணில் படவே இல்லை.

இதற்குத் தீர்வு எக்ஸ்பிரஸில் ஒரே ஒரு வரி. நடுவில் நிற்கும் ப்ராக்ஸியை (இங்கே எஞ்சின்எக்ஸ்) நம்பு என்று சொல்லும் ட்ரஸ்ட் ப்ராக்ஸி என்ற அமைப்பை இயக்கினால், ரிக்வெஸ்டோடு வரும் குறிப்புகளில் ஒன்றான எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரில் எஞ்சின்எக்ஸ் எழுதி அனுப்பும் உண்மையான முகவரியை அது எடுத்துக்கொள்ளும். அவசரத்தில் அதற்கு 'ட்ரூ' என்று மதிப்புக் கொடுத்தேன். அதுவும் தப்பு என்று மாலையில்தான் தெரிந்தது. அந்த ஹெடரை யார் வேண்டுமானாலும் தாங்களே எழுதி அனுப்பலாம். எஞ்சின்எக்ஸ் அதை அழிப்பதில்லை. வந்ததை அப்படியே வைத்துக்கொண்டு, தான் பார்த்த முகவரியைக் கடைசியில் சேர்க்கிறது, நாங்கள் எழுதியிருந்த அமைப்பு அப்படி. 'ட்ரூ' என்றால் எக்ஸ்பிரஸ் பட்டியலின் முதல் முகவரியை, அதாவது வந்தவர் சொன்ன கதையை நம்பிவிடும். ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பொய் முகவரியை எழுதி அனுப்பினால் தடுப்பே இல்லை. அந்த இடத்தில் 1 என்று எண்ணைக் கொடுத்தால், தனக்கு முன்னால் ஒரே ஒரு ப்ராக்ஸிதான் உண்டு என்று எடுத்துக்கொண்டு கடைசி முகவரியைப் பார்க்கும். 1 என்று மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்னால், இந்தப் பதிலைச் சொன்னது யார் என்று கேட்பேன். அனுப்பியது அளவுக்கு மீறிப் பெரிது என்று சொல்லும் 413 வந்தபோது அது கைகொடுத்தது. கொஞ்சம் பெரிய படத்தை ஏற்றினால் 413. வந்த பக்கத்தின் அடியில் எஞ்சின்எக்ஸ் தன் பெயரைப் போட்டிருந்தது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது 1 எம்பிக்கு மேல் வாங்காது. 10 எம்பி ஆக்கினோம், படம் ஏறியது. இரண்டு நாள் கழித்து, நீளமான படிவம் ஒன்றைச் சேமித்தால் மறுபடியும் 413. அதே எண், ஆனால் அடியில் பெயர் இல்லை. இந்த முறை பேசியது எக்ஸ்பிரஸ். ஜேசன் வடிவத்தில் வரும் தரவைப் பிரிக்கும் மிடில்வேருக்குச் சொல்லாமல் விட்டால் அதன் வரம்பு 100 கேபிதான். எண்ணை மட்டும் பார்த்திருந்தால் எஞ்சின்எக்ஸ் கோப்பை இன்னொரு நாள் குடைந்துகொண்டிருப்பேன்.

பின்னாலிருந்து நேரத்துக்குப் பதில் வரவில்லை என்று சொல்லும் 504 இதற்கு நேர் எதிர். அறிக்கை தயாரிக்கும் பட்டனை அழுத்தியவருக்கு 504 வருகிறது, நோட் லாக்கிலோ எல்லாம் வெற்றி. இரண்டுமே உண்மை. எண்பது நொடி எடுக்கும் வேலை. அறுபது நொடி வரை பின்னாலிருந்து சத்தமே வராததால் எஞ்சின்எக்ஸ் கைவிட்டுவிட்டது. நோட் அது தெரியாமல் வேலையை முடித்திருக்கிறது. வந்தவர் மறுபடி அழுத்த, ஒரே அறிக்கை இரண்டு மூன்று முறை தயாரானது. சிலர் நேரத்தைக் கூட்டி வைப்பார்கள். நான் அந்த வேலையைப் பின்னணி வரிசைக்கு மாற்றினேன். காத்திருக்க வைப்பதே தப்பு என்பது என் கட்சி.

குக்கி விவகாரத்தில் பதிலே சரியாக இருந்தது. லாகின் செய்தவரை நினைவில் வைக்க உதவும் செஷன் குக்கிக்கு, எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் போ என்ற 'செக்யூர்' குறியைப் போட்ட அன்று, லாகின் வெற்றி என்று 200 வருகிறது, அடுத்த க்ளிக்கில் மறுபடி லாகின் பக்கம். ஹெடர்களைப் பார்த்தால் குக்கியைக் கொடுக்கும் செட்-குக்கி என்ற வரியே இல்லை. எச்டிடிபிஎஸ் எஞ்சின்எக்ஸோடு முடிந்துவிடுகிறது, அங்கிருந்து நோட் வரை வெறும் எச்டிடிபி. வந்தவர் எச்டிடிபிஎஸ்ஸில்தான் வந்தார் என்று எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ ஹெடரில் சொல்லி அனுப்ப வேண்டும், நாங்கள் சொல்லவில்லை. பாதுகாப்பில்லாத இணைப்பு என்று நினைத்து, செஷன் மிடில்வேர் குக்கியைக் கொடுக்காமலே இருந்துவிட்டது. அதன் பக்கம் நியாயம்தான்.

எல்லாவற்றையும்விட வேடிக்கை, பிழையைக் கையாளும் மிடில்வேர். எக்ஸ்பிரஸ் அதைப் பெயரை வைத்து அடையாளம் காண்பதில்லை. ஃபங்ஷனுக்கு எத்தனை பேராமீட்டர் என்று எண்ணிப் பார்க்கிறது. நான்கு இருந்தால் பிழைக்கு உரியது. எங்கள் கோட் ஒழுங்கு பார்க்கும் கருவி, நான்காவதாக இருந்த 'நெக்ஸ்ட்' பயன்படவில்லை என்று மஞ்சள் கோடு போட, ஒருவர் நல்ல மனதோடு அதை நீக்கிவிட்டார். மூன்றானதும் அது சாதாரண மிடில்வேர் ஆகிவிட்டது. வரிசையில் கடைசி வேறு. இல்லாத முகவரியைக் கேட்டு வரும் ரிக்வெஸ்டெல்லாம் அதில் போய் விழுந்தது. பிழை இருக்க வேண்டிய இடத்தில் ரிக்வெஸ்ட், பதில் இருக்க வேண்டிய இடத்தில் நெக்ஸ்ட். 'இல்லை' என்று 404 வர வேண்டிய இடமெல்லாம் 'சர்வரில் கோளாறு' என்று 500. இப்போது அந்த வரிக்கு மேல் "கை வைக்காதீர்கள்" என்று ஒரு குறிப்பு இருக்கிறது.

முன்பக்கத்தில் எங்களைப் படுத்தியது, எந்தக் கோப்பு இல்லாவிட்டாலும் இன்டெக்ஸ் பக்கத்தைக் கொடு என்ற விதி. ரூட்டிங் முழுக்க பிரவுசரில் நடக்கிற செயலிக்கு அது வேண்டும், இல்லையென்றால் ரெஃப்ரெஷ் செய்தவுடன் 404. ஆனால் புதிய பதிப்பின் டெப்ளாய் முடிந்த பின்னும் பழைய டேபைத் திறந்து வைத்திருப்பவர், அழிந்துபோன பழைய ஜேஎஸ் கோப்பைக் கேட்கிறார். எஞ்சின்எக்ஸ் 200 என்று சொல்லி இன்டெக்ஸ் பக்கத்தைக் கொடுக்கிறது. ஜேஎஸ்ஸை எதிர்பார்த்த பிரவுசர் எச்டிஎம்எல்லைப் பார்த்து விழிக்கிறது. அதனால் அந்த ஜேஎஸ் கோப்புகள் இருக்கும் அசெட்ஸ் கோப்புறைக்கு மட்டும் தனி விதி: இல்லையென்றால் 404, அவ்வளவுதான். அந்தக் கோப்புகளின் பெயரில், உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் ஹாஷ் இருப்பதால் ஓராண்டு கேஷ் (பிரவுசர் தன்னிடமே வைத்துக்கொள்வது), இன்டெக்ஸ் பக்கத்துக்கு நோ-கேஷ். நோ-கேஷ் என்ற பெயரை நம்பாதீர்கள். வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்டுவிட்டு எடு என்றுதான் அதற்கு அர்த்தம். இதை எழுதியபோது பாதுகாப்பு ஹெடர்கள் அந்த இரண்டு இடங்களிலும் காணாமல் போயின. அமைப்புக் கோப்பின் உள் பிளாக்கில் ஒரே ஒரு ஹெடரைச் சேர்த்தாலும், வெளி பிளாக்கில் சேர்த்தவற்றை எஞ்சின்எக்ஸ் அங்கே விட்டுவிடும். அவற்றை மறுபடி எழுத வேண்டியிருந்தது.

ஒன்றரை ஆண்டு கழித்து எஞ்சின்எக்ஸுக்கு முன்னால், வரும் ரிக்வெஸ்டுகளைப் பகிர்ந்து அனுப்பும் ஒரு லோட் பேலன்சரை வைத்தார்கள். மறுநாள் காலை, "பலமுறை முயன்றுவிட்டீர்கள்." ரீஸ்டார்ட் செய்யலாமா என்று யாரோ கேட்டார்கள். தம்பி அதற்குள் எக்ஸ்பிரஸ் லாக்கைத் திறந்துவிட்டான். எல்லா வரியிலும் ஒரே ஐபி, இந்த முறை 127.0.0.1 அல்ல, லோட் பேலன்சரின் முகவரி. திரையைப் பார்த்தபடியே, "ரெண்டாண்ணா?" என்றான். "ரெண்டுதான்," என்றேன். 1 ஐ அழித்துவிட்டு 2 போட்டான்.