பிராக்லியில் பேசும் பட்டம்

இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயர் பக்கம் புதிதாகக் குடிவரும் நம்மவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் ஓட்டுநர் பட்டம் தவிர, ஆண்டு முழுதும் கார்கள் சேர்க்கும் புள்ளிகளுக்காக அணிகளுக்கென்று ஒரு பட்டம் உண்டே, அதன் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள் என்பதுதான். நாங்கள் இருக்கும் பிராக்லி சின்ன ஊர். மெர்சிடீஸ் அணியின் கார் உருவாவது இங்கேதான். வந்த புதிதில் ஹாமில்டன், பட்டன் என்று ஓட்டுநர் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குவேன். அக்கம்பக்கத்தார் அடுத்த வாக்கியத்திலேயே காரைச் செய்தவர்களிடம் வந்துவிடுவார்கள்.

2021 டிசம்பரில் அபுதாபியில் கடைசிச் சுற்றில் வெர்ஸ்டாப்பன் முந்தினார். மெர்சிடீஸ் ஓட்டுநர் ஹாமில்டனின் கைக்கு வந்த ஓட்டுநர் பட்டம் நழுவியது. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஆறுதலாக ஏதோ சொன்னேன். கார்பன் ஃபைபர் பாகங்கள் செய்கிறவர் அவர், இரவெல்லாம் தூங்கியிருக்கமாட்டார் போல. ஒன்றும் பேசாமல் ஒரு கையில் ஐந்து விரல், மறு கையில் மூன்று விரல் காட்டினார். 2014 முதல் வரிசையாக எட்டாவது அணிப் பட்டம்! அதுவரை எந்த அணியும் செய்யாதது. உலகமே ஓட்டுநர் பட்டத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, இந்த ஊர் தன் பட்டத்தைப் பத்திரமாக வைத்திருந்தது.

ஓட்டுநர் பட்டம் 1950-ல் வந்தது. அணிப் பட்டம் 1958-ல்தான். (கார் தயாரிப்பாளர்களுக்கு 1925-லேயே ஓர் உலகப் பட்டம் இருந்தது, ஆல்ஃபா ரோமியோ வென்றது. சில ஆண்டுகளில் அது நின்றுபோனது.) 1958-ல் முதல் அணிப் பட்டம் வான்வாலுக்கு. என்ஜின் பேரிங் தயாரித்துவந்த டோனி வாண்டர்வெல் கட்டிய ஆங்கில அணி அது. ஃபெராரியின் மைக் ஹாத்தார்ன் ஒரே ஒரு பந்தயத்தில் வென்று ஓட்டுநர் பட்டம் பெற்றார். நான்கில் வென்ற வான்வாலின் ஸ்டெர்லிங் மாஸுக்கு ஒரு புள்ளி குறைந்துவிட்டது. மொராக்கோவில் நடந்த கடைசிப் பந்தயத்தில் வான்வால் ஓட்டுநர் ஸ்டூவர்ட் லூயிஸ்-எவன்ஸின் கார் தீப்பிடித்தது. சில நாட்களில் அவர் இறந்துபோனார். வாண்டர்வெல் மனமுடைந்தார், உடல்நிலையும் சரியில்லை. 1959 தொடக்கத்திலேயே முழுமூச்சான பந்தயத்திலிருந்து விலகிக்கொண்டார். முதல் பட்டத்தோடு இப்படியொரு துக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1978 வரை ஒவ்வொரு பந்தயத்திலும் அணியின் கார்களில் முன்னால் வந்த ஒன்றின் புள்ளி மட்டுமே கணக்கு. 1979-லிருந்து இரண்டு கார்களுக்கும் புள்ளி. என்னைக் கேட்டால் அதற்குப் பிறகுதான் இது முழு அணியின் பட்டமானது.

பிராக்லிக்காரர்கள் சலிக்காமல் சொல்வது 2009-ஐத்தான். அப்போது இங்கே அணி நடத்திவந்த ஹோண்டா, 2008 டிசம்பரில் விலகுவதாக அறிவித்தது. பலருக்கு வேலை போனது. அணியின் தலைவராக இருந்த ராஸ் பிரான் 1 பவுண்டுக்கு அணியை வாங்கி, ஹோண்டா காலத்தில் வரைந்த காரில் மெர்சிடீஸ் என்ஜினைப் பொருத்தினார். அந்த ஒரே ஆண்டில் இரண்டு பட்டங்களும் பிரான் அணிக்கு. அடுத்த ஆண்டு அது மெர்சிடீஸ் ஆனது.

இன்னொரு தொழிற்சாலை சில்வர்ஸ்டோன் பந்தயத் தளத்தின் வாசலுக்கு எதிரே. நாராயண் கார்த்திகேயன் 2005-ல் ஓட்டிய ஜோர்டான் அணி அங்கேதான் இருந்தது. அந்த ஆண்டு அணி எடுத்த 12 புள்ளிகளில் 5 அவருடையவை. இதைச் சொன்னால் இங்குள்ள பழைய மெக்கானிக்குகள் உடனே தலையாட்டுகிறார்கள், எனக்கு அது பெரிய சந்தோஷம். பின்னாளில் அதே இடத்தில் இருந்த ஃபோர்ஸ் இந்தியா அணி 2018 நடுவில் கடனில் மூழ்கியது. புதிய நிறுவனத்தின் கைக்குப் போனதால் அணியின் புள்ளிகள் எல்லாம் அழிக்கப்பட்டன. ஓட்டுநர்கள் பெரெஸ், ஓகோன் புள்ளிகளை மட்டும் யாரும் தொடவில்லை. தொழிற்சாலையில் உழைத்தவர்கள் பெல்ஜியம் பந்தயத்தில் பூஜ்யத்திலிருந்து தொடங்கினார்கள். அன்றே ஐந்தாம், ஆறாம் இடங்கள், 18 புள்ளிகள். ஆண்டு முடிவில் ஏழாம் இடம்.

அணிகளுக்குப் போகும் பரிசுப் பணத்தில் பெரும்பகுதி இந்த வரிசையைப் பார்த்துத்தான் பிரிகிறது. அதனால் பந்தயம் முடிந்ததும் இப்போது நானும் பட்டியலின் கீழ்ப்பாதியைத்தான் முதலில் பார்க்கிறேன்.