லவால் அடிகளாரும் என் மகளின் கேள்வியும்

லவால் அடிகளாரின் நினைவு நாளான செப்டம்பர் 9 நெருங்கும்போது, கிறிஸ்தவர்களோடு இந்துக்களும் முஸ்லிம்களும் போர்ட் லூயிஸின் சாந்த்-குருவாவிலுள்ள அவருடைய கல்லறையை நோக்கி நடந்துசெல்வதைப் பார்த்து வளரும் எங்கள் மொரீஷியஸ் பிள்ளைகளுக்கு, தியாகத்தை விளக்க வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. பிரான்சின் நார்மண்டியில் மருத்துவராக இருந்த ழாக்-தெசிரே லவால், கத்தோலிக்கக் குருவாகி 1841இல் இங்கு வந்தார். அடிமைமுறை 1835இல் ஒழிக்கப்பட்ட பின்னும் இழிவாகவே நடத்தப்பட்ட மக்களிடையே, அவர்களுடைய கிரியோல் மொழியைக் கற்று, 1864இல் இறக்கும்வரை உழைத்தார்.

"மருத்துவராகவே இருந்தும் உதவியிருக்கலாமே, அப்பா?" என்றாள் மகள். உதவியிருக்கலாம்தான். ஆனால் அவர் துறந்தது தொழிலை மட்டுமல்ல, மதிக்கப்படுவோர் வரிசையில் தமக்கிருந்த இடத்தையும்தான் என்றேன். அவள் முழுதாக ஏற்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

தன்னலம் துறந்து சிலுவையைச் சுமந்து வரும்படி இயேசு கூறுவது (மத்தேயு 16:24), அவரைப் பின்பற்ற விரும்புகிறவர்களுக்கான அழைப்பு. நம் வீடுகளிலோ, "தம்பிக்கு விட்டுக்கொடு" என்று பெரும்பாலும் பெண்பிள்ளைகளிடமே சொல்லி, அந்தக் கட்டளைக்குத் தியாகம் என்று பெயரிட்டுவிடுகிறோம். தானாகக் கொடுக்க இடமில்லாத பிள்ளை பணிவைக் கற்கலாம், அன்பைக் கற்பது அரிது. ஆகவே ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் எதைத் துறப்பது, மிஞ்சும் காசை யாருக்குக் கொடுப்பது என்பதை அவளே முடிவு செய்கிறாள். தம்பிக்கும் அதே விதிதான். எதையும் துறக்காத ஆண்டில் நாங்கள் காரணம் கேட்பதில்லை.