வாரத்துக்கு 35 மணி நேரம்

எங்கள் வீடு ரங்கூன் டவுனில், நான்காவது மாடி. முன்னால் பால்கனி, பின்னால் அடுப்படி, நடுவில் நீளமாக ஒரே அறை. அதைப் பலகையால் தடுத்து அம்மா, நான், தம்பி மூன்று பேரும் இருக்கிறோம். அவன் இருமினால் எனக்குக் கேட்கும். நான் பெருமூச்சு விட்டால் அவனுக்குக் கேட்கும். இந்தப் பெருமூச்சுதான் விஷயமே.

தம்பிக்கு 22 வயதில் காதில் குரல் கேட்க ஆரம்பித்தது. அப்போது அவன் ராத்திரியெல்லாம் கத்தினாலும் நாங்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பயம், அப்புறம் பாவமாகவும் இருந்தது. மாத்திரையில் குரல் அடங்கி, அவன் சும்மா உட்கார்ந்த பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். "பதினோரு மணி வரைக்கும் தூங்குறியே, வெட்கமா இல்ல?" "குளிச்சு எத்தனை நாளாச்சு?" இந்த மனச்சிதைவு நோயே ஆளை மந்தமாக்கும், மாத்திரையும் தூக்கம் கொடுக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மண்டையில் ஏறவில்லை. சோம்பல் என்றே நினைத்தேன்.

இரண்டாம் தடவை அவனுக்கு முற்றிய பிறகுதான் தேடிப் படித்தேன். 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்பவர், மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தவர்களைக் கவனித்திருக்கிறார். அப்பா அம்மாவிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, வாடகை அறையிலும் கூடப்பிறந்தவர்கள் வீட்டிலும் தங்கியவர்கள் நன்றாகத் தாக்குப்பிடித்தார்களாம். எனக்குக் கோபம்தான் வந்தது. சோறு போடுவது நாங்கள், கெட்ட பெயரும் எங்களுக்கா?

1976இல் வான், லெஃப் என்ற இருவர் எழுதியதைப் படித்ததும் கோபம் இறங்கியது. குறை சொல்லும் வீடுகள், அளவுக்கு மீறிக் கவலைப்படும் வீடுகள் இரண்டையும் அவர்கள் ஒரே பக்கத்தில்தான் வைத்தார்கள். அங்கே 9 மாதத்தில் பாதிப் பேருக்கு நோய் திரும்பியது. மற்ற வீடுகளில் 13 சதவீதம். குறை சொல்லும், கவலைப்படும் வீடுகளில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் நேருக்கு நேர் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் குறையும்.

எங்கள் வீட்டில் அந்த 35 மணி நேரம் புதன்கிழமைக்குள் முடிந்துவிடும். கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம், மூன்று பேரும் பால்கனிக் காற்றுக்குத்தான் ஓடி வர வேண்டும். சண்டிகரில் பிறகு ஆராய்ந்து பார்த்தபோது, குறை சொல்லும், அளவுக்கு மீறிக் கவலைப்படும் வீடுகள் லண்டனைவிடக் குறைவாம். நம்ம ஆட்கள் பாசக்காரர்கள் என்று காலரைத் தூக்கிவிடப் பார்த்தேன். எங்கள் வீடு சண்டிகரில் இல்லையே.

திட்டுவது என் வேலை. அம்மா திட்டவே மாட்டாள். குளியலறைக் கதவுக்கு வெளியே நிற்பாள். மாத்திரை விழுங்கினானா என்று நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வாள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். ஒரு நாள் அவன் கண்ணைத் திறந்து, "நான் இன்னும் சாகலம்மா" என்றான்.

அவளிடம் இதை எப்படிச் சொல்வது? "நீ செல்லம் கொடுத்துத்தான் கெட்டான்" என்று சொந்தக்காரர்கள் ஏற்கெனவே அவளை நொறுக்கி வைத்திருந்தார்கள். அதனால் முதலில், வீடு இந்த நோயைக் கொண்டுவந்தது என்று அந்த லண்டன் ஆட்கள் சொல்லவில்லை என்பதை மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்ல ஒரு மாதம் ஆனது.

இப்போது காலையில் தம்பி கீழே டீக்கடைக்குப் போகிறான். குட்டை நாற்காலி, ஒரு டீ, சும்மா கிடைக்கும் பச்சைத் தேநீர், இரண்டு மணி நேரம். "ஏன் இப்படி இருக்கே" என்று அங்கே யாரும் கேட்பதில்லை. முதல் வாரம் அம்மா பால்கனிக் கம்பியைப் பிடித்தபடியே நின்றாள். அப்புறம் செவ்வாய், வெள்ளி காளி கோவிலுக்குப் போய்க் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். நான் இன்னும் சில நாள் பெருமூச்சு விடுகிறேன்.

இங்கே எல்லா மாடியிலிருந்தும் தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும், நுனியில் கிளிப், மேலே மணி. முன்பெல்லாம் அவன் வரும் நேரம் பார்த்து அம்மா நான்கு மாடி இறங்கி வாசலில் நிற்பாள். இன்று மணி அடித்தது. எட்டிப் பார்த்துவிட்டு, கயிற்றை மேலே இழுத்து, கிளிப்பில் சாவியை மாட்டிக் கீழே இறக்கினாள்.