ஊதா போகவில்லை

ஏப்ரல் 26
பதினான்காம் எண் பாக்டீரியா படுத்துவிட்டது. சோதனைக் குழாயில் டைஃபினைல்கார்பசைடு விட்டதும் ஊதா பளீரென்று ஏறியது. நச்சான குரோமியம் ஆறு மிச்சமிருந்தால்தான் ஊதா வரும். போன மாதம் இதே பாக்டீரியா ஒரே இரவில் குரோமியம் ஆறை, நச்சு குறைந்த மூன்றாக்கிவிட்டு, குழாயைத் தண்ணீர் போல வைத்திருந்தது. 540 நானோமீட்டர் ஒளியில் மூன்று முறை அளந்தேன்.

ஏப்ரல் 27
மறுபடியும் ஊதா.

ஏப்ரல் 29
தப்பு என்னுடையதுதான். குரோமியமே இல்லாத ஊட்டக்கரைசலில் ஐந்து முறை வளர்த்திருக்கிறேன். விருந்துச் சாப்பாடு போட்டால் எவன் கத்தி சுமப்பான்? குரோமியத்தை மாற்றும் மரபணு பிளாஸ்மிடில், அதாவது செல்லுக்குள் தனியாகத் திரியும் டிஎன்ஏ வளையத்தில், இருந்திருந்தால், செல் பிரியும்போது பிளாஸ்மிட் கிடைக்காத பிள்ளைகள் வேகமாகப் பெருகிக் குடுவையையே நிரப்பியிருக்கும். 1970-களில் ஆனந்த சக்கரவர்த்தி எண்ணெய் தின்னும் சூடோமோனாஸ் பாக்டீரியாவை உருவாக்கியதும் பிளாஸ்மிடுகளைச் சேர்த்துத்தான். அவர் சேர்த்தார், நான் தொலைத்தேன். மேடத்திடம் இன்னும் சொல்லவில்லை.

மே 1
அப்பாவுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஸ்கேன் எடுத்தாயிற்று. அவருடைய வலது சுட்டுவிரலில் மிளகளவு குழி இருக்கிறது. டைகுரோமேட் (அதுவும் குரோமியம் ஆறுதான்) மூட்டை பிரித்த காலத்துப் புண். விபூதி பூசும்போது அதில் கொஞ்சம் தங்கிவிடும். சின்ன வயதில் நான்தான் ஊதிவிடுவேன்.

மே 4
அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. மின்சாரம் இரண்டு முறை போனது.

மே 5
மரபணு போகவில்லை! டிஎன்ஏவை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் அதன் பட்டை இருக்கிறது. ஆனால் இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே நிற்கிறது. சுமார் 1,300 டிஎன்ஏ எழுத்து கூடியிருக்கிறது. வேறோர் இடத்திலிருந்த துண்டு குதித்து வந்து நடுவில் உட்கார்ந்திருக்கிறது. மக்காச்சோள மணிகளின் புள்ளிகளை வைத்து மரபியலாளர் பார்பரா மெக்ளின்டாக் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. நோபல் கிடைத்தது 1983-இல், 81 வயதில். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அந்தத் துண்டு ஓர் எழுத்தும் பிசகாமல் வெளியேறினால் மரபணு மீளும். அபூர்வம்தான். ஆனாலும் குரோமியம் கலந்த 32 தட்டுகளில் பரப்பிவிட்டேன்; மரபணு மீண்டது மட்டும் அதில் வளரட்டும்.

மே 7
அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட் நாளைக்காம். பாலாற்றுப் பாலத்தில் பஸ் நின்றது. கீழே மணல். தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1996-இல். நான் அப்போது பிறக்கவில்லை. என் பாக்டீரியா அதற்கு முன்பே இந்த மண்ணில் பிழைக்கக் கற்றிருக்குமோ?

மே 8
ரிப்போர்ட் நாளைக்காம்.

மே 9
பத்தொன்பதாம் தட்டில் ஒரு புள்ளி. குண்டூசித் தலையளவு. பதினான்குதானா, காற்றில் வந்து விழுந்ததா? கம்பியால் தொட்டு எடுக்கையில் கை நடுங்கியது. குழாயை 9.10-க்கு வைத்தேன். நாளை காலை தெரியும். அப்பாவுக்கு இரவெல்லாம் இருமல்.