மைக்ராஸ்டர், இரண்டாம் கல்: நாலு இதழ் முடிஞ்சுது

மைக்ராஸ்டர் எண்டது வெண்கட்டிப் பாறைக்குள்ள கல்லாகிப் போன ஒரு பழைய கடல் முள்ளெலி. அதின்ர முதுகில சின்னத் துளைச் சோடிகளால ஆன அஞ்சு வரி ஓடும், இதழ் எண்டு நான் சொல்லுறது அதைத்தான். நாலு இதழும் வெளிய வந்திட்டுது. அஞ்சாவது இன்னும் வெண்கட்டிக்குள்ளதான் கிடக்கு. ஆனாலும் பொறுக்க ஏலாமல் எழுதுறன்.

முதல் கல்லை நாசமாக்கின கதையை முதல் சொல்லிப்போடுறன். வற்றாப்பளைப் பொங்கலுக்கு லண்டனில இருந்து வந்த மச்சான், மார்கேற் கடற்கரைப் பாறையடியில விழுந்து கிடந்த இரண்டு வெண்கட்டித் துண்டைப் பெட்டிக்குள்ள போட்டுக்கொண்டு வந்தான். இரண்டிலயும் மைக்ராஸ்டரின்ர முதுகு கொஞ்சம் தெரிஞ்சுது. ஐரோப்பாக்காரர் கோஸ்ரிக் பொட்டாஷ் எண்ட காரத்தின்ர செதிலை வைச்சுச் சுத்தியிருக்கிற வெண்கட்டியை இளக்குவினம். வவுனியாவில தேடிக் கிடைக்கேல்லை. சவுக்காரம் காய்ச்சிற ஒருத்தரிட்ட கோஸ்ரிக் சோடா இருந்தது. இரண்டும் ஒண்டுதானே எண்டு நினைச்சன்.

ஒண்டில்லை. சோடா காற்றில இருக்கிற காபனீரொட்சைட்டைப் பிடிச்சுச் சலவைச் சோடாவா மாறி, கல்லின்ர நுண்துளைக்குள்ள பளிங்காகிப் பொருமும். பொட்டாஷில வாற உப்பு ஈரத்தை இழுத்துத் தண்ணியாவே கிடக்கும், கழுவினால் போயிடும். சோழகம் அடிச்ச நாளில காய வைச்சன். மூண்டாம் நாள் முதுகெல்லாம் வெள்ளைப் பூ. தொட்டால் பொருக்குப் பொருக்கா உரியுது. போதாததுக்குக் கிணத்துத் தண்ணியில கழுவினன். எங்கட ஊர்த் தண்ணி கேத்திலுக்குள்ள என்ன செய்யும் எண்டு தெரியும்தானே, அதையே கல்லுக்கும் செய்தது. இப்ப கழுவுறது ஆர்.ஓ. தண்ணியிலதான்.

வினாகிரி போடச் சொல்லி ஒருத்தரும் யோசனை சொல்லாதேங்கோ. முள்ளெலியின்ர கோதும் கல்சைற்று எண்ட சுண்ணக் கனிமம், சுத்தியிருக்கிற வெண்கட்டியும் கல்சைற்று. அமிலத்துக்கு ஆள் அடையாளம் தெரியாது.

இனி விசயத்துக்கு வாறன்: ஈர்க்கு. தையல் மெசின் ஊசியைப் பேனைக் கூட்டுக்குள்ள ஒட்டித்தான் துவங்கினன். வெண்கட்டியை நல்லாக் கிளறும், ஆனால் கை ஒருக்கால் வழுக்கினால் கோதில கோடு. உருக்குக்கு முன்னால கல்சைற்று நிக்காது. தென்னை ஈர்க்கு அப்பிடியில்லை, நனைஞ்ச வெண்கட்டியை மட்டும் தள்ளும், கோதில பட்டால் தானே வளையும். பச்சை ஈர்க்கு சரிவராது, நார்நாராப் பிரியும். பழைய விளக்குமாத்து ஈர்க்குத்தான் வைரம் பாய்ஞ்சிருக்கும். அதிலயும் ஒரு சூக்குமம். முதல் இதழில மெல்லிசாக் கீறல் விழுந்து, ஏன் எண்டு தெரியாமல் இரண்டு நாள் மண்டையைப் பிய்ச்சன். மணிக்கூடு திருத்திறவரிட்ட இரவல் வாங்கின கண்ணாடியை வைச்சுப் பாத்தால், ஈர்க்கு நுனியில முத்தத்து மணல் ஏறியிருக்கு! மணல் கல்சைற்றைக் கீறாமல் விடுமே? அதுக்குப் பிறகு கட்டுக்குள்ள இருக்கிற, நிலத்தில படாத அடிப்பக்கத்தைத்தான் சரிவா வெட்டி எடுக்கிறன்.

ஒரு துளி தண்ணி. இருபது எண்ணுவன். துளைச் சோடிகளுக்கு நடுவில இருக்கிற பள்ளத்தோட ஈர்க்கை இழுப்பன். வாற பசையைக் காயமுதல் ஈரத் தூரிகையால எடுத்திட வேணும். காய விட்டால் துளை எல்லாத்தையும் திரும்ப அடைச்சிடும். ஒரு இதழுக்கு ஐஞ்சு இரவு போச்சு.

இவ்வளவு மினக்கெடுறதுக்குக் காரணம் இருக்கு. ஆர்தர் ரோ எண்டு அதே மார்கேற்றில இருந்த ஒரு டொக்டர், பல்லுக்குத் துளை போடுற மெசினால வெண்கட்டியைக் கிண்டி, படை படையா மைக்ராஸ்டர் சேர்த்து, 1899 இல ஒரு ஆய்வு வெளியிட்டவர். கீழ்ப் படையில இருக்கிறதின்ர இதழ் நடு மழமழப்பு, மேல வர வரப் பொங்கும், பிறகு நடுவில கோடு விழுந்து இரண்டாப் பிரியும். இதழின்ர நடுவைப் பாத்தே எந்தப் படை எண்டு சொல்லலாம். அதிலதான் ஊசிக் கோடு விழுந்தால் கல்லின்ர முகவரி போச்சு. என்ர கல்லில நாலு இதழும் பிரிஞ்சே கிடக்கு, கோடு துலக்கமாத் தெரியுது. எட்டுக் கோடி வருசத்துக்கு மேற்பட்ட சாமான்!

பக்கத்து வீட்டு அண்ணை வந்து பாத்திட்டு, "தம்பி, இதையும் அட்டை மாதிரி வெளிநாட்டுக்கு அனுப்பலாமோ?" எண்டார். கடலட்டையும் கடல் முள்ளெலியும் ஒரே முட்தோலிச் சாதிதான், அந்த அளவில அவர் கேட்டது பிழையில்லை.

எங்கட ஊரிலயே கிண்டி எடுக்கலாமே எண்டு கேக்கிறவைக்கு: நான் இருக்கிறது மாங்குளம். கீழ கிடக்கிற கருங்கல்லைப் புவிச்சரிதக்காரர் 'வன்னித் தொகுதி' எண்டே பேர் வைச்சிருக்கினம். அது வெந்து உருமாறி ஏறக்குறைய 55 கோடி வருசம். உலகத்தில முதல் கடல் முள்ளெலி வந்ததே அதுக்குப் பிறகுதான். மன்னார்ப் பக்கம் மயோசீன் எண்ட பிந்தின காலத்துச் சுண்ணக்கல் இருக்கு, அங்க இருக்கிறவை குடுத்து வைச்சவை.

இணையத்தில விக்கிறதை வாங்கலாம்தான். ஆனால் ஒருத்தர் அனுப்பின மடகஸ்கார்க் கல்லு வார்னிஷ் அடிச்சு, இதழ் நடுவெல்லாம் மினுக்கிக் கொண்டு வந்து சேர்ந்தது. அதில பாக்க என்ன இருக்கு? அடுத்த ஆசை அரியலூர்ப் பக்கத்து ஸ்ரிக்மாடோபைகஸ் எண்ட இன்னொரு கல்லான முள்ளெலி. அதுவும் மைக்ராஸ்டர் மாதிரி, டைனோசர் இருந்த கிரேத்தேசியக் காலம்தான். திருச்சியில இருக்கிற சிநேகிதனிட்ட, அங்க அருங்காட்சியகத்தில இருந்தால் ஒரு படமாவது எடுத்து அனுப்பு எண்டு சொல்லியிருக்கிறன்.

அதுக்கு முதல் இந்த அஞ்சாவது. முன்பக்க வரி இதழ் மாதிரி விரியாமல் ஒரு வாய்க்காலுக்குள்ள இறங்கி விளிம்பைச் சுத்தி வாய்ப்பக்கம் போகுது. சரிவா வெட்டின ஈர்க்கு அதுக்குள்ள திரும்புதில்லை. நேத்து நுனியை நெருப்பில காட்டி வளைச்சுப் பாத்தன், முறிஞ்சுது. இரவு தண்ணியில ஊறப்போட்டிட்டு வளைச்சால் நிக்குமோ தெரியேல்லை. அம்மா விளக்குமாத்தைத் தூக்கிக் காட்டி, "பாதியாப் போச்சு. கல்லரிக்க அவ்வளவு ஆசையெண்டால் உந்த அரிசியை அரிச்சுத் தா" எண்டு ஏசுறா. நாளைக்குப் புது ஈர்க்குக் கட்டு ஒண்டு வாங்க வேணும், அவவுக்கு. பழசு எனக்கு.