பெங்களூரில் பி.டபிள்யூ.டி. காண்டிராக்டர் லைசென்ஸ் எடுத்த கதை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் கேட்பவர்களில் பாதிப்பேர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பெங்களூரில் 30க்கு 40 சைட்டில் ஒருவருக்கு வீடு கட்டிக் கொடுக்க காண்டிராக்டர் லைசென்ஸ் எதுவும் வேண்டியதில்லை. பிளான் சாங்ஷனுக்கு மாநகராட்சியில் பதிவு செய்த ஆர்க்கிடெக்டோ இன்ஜினியரோ கையெழுத்துப் போட வேண்டும். கரண்ட் கம்பெனியான பெஸ்காமின் மீட்டர் வைக்க லைசென்ஸ் உள்ள எலக்ட்ரிக்கல் காண்டிராக்டர் வேண்டும். ஆனால் கடைக்கால் தோண்டுவதிலிருந்து மொட்டைமாடி கான்கிரீட் போடுவது வரை வீட்டையே எழுப்புகிற ஆளிடம் யாரும் ஒரு காகிதமும் கேட்பதில்லை. என் அப்பா அப்படித்தான். செங்கம் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்து, கட்டட வேலையில் பெரியாளாகி, பிறகு மேஸ்திரியாகி, விவேக் நகரிலும் ஈஜிபுராவிலும் அவர் கட்டிய வீடுகள் இன்றும் நிற்கின்றன. அவர் கையெழுத்து அதில் ஒரு தாளிலும் கிடையாது.

'லைசென்ஸ்' என்று நாம் சொல்வது அரசு வேலை எடுப்பதற்கான பதிவு. கர்நாடகப் பொதுப்பணித் துறையில் (பி.டபிள்யூ.டி.) நான்காம் வகுப்பில் தொடங்கி முதல் வகுப்பு வரை உண்டு. வகுப்பு ஏற ஏற எடுக்கக்கூடிய வேலையின் தொகையும் ஏறும். சிவில் தனி, எலக்ட்ரிக்கல் தனி. தனியார் வீட்டு வேலையில் சதுர அடி ரேட் பேசிப் பேசிச் சலித்துப்போய், 2023இல் நான் இதில் இறங்கினேன்.

இறங்கியதும் எனக்குப் புரிந்த விஷயம் இதுதான்: உனக்குக் கட்டத் தெரியுமா என்று கடைசிவரை யாரும் கேட்க மாட்டார்கள். பரீட்சை கிடையாது, நேர்காணல் கிடையாது. கட்டினாய் என்று காகிதம் சொல்ல வேண்டும், உன்னிடம் பணம் இருக்கிறது என்று பேங்க் சொல்ல வேண்டும், வரி கட்டினாய் என்று ஆடிட்டர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

வரி சமாச்சாரம் சுலபம். பான் இருந்தது. சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி கட்டாயம் என்றாலும், டெண்டர் போட நம்பர் இல்லாமல் முடியாது. எடுத்தே தீர வேண்டும். கட்டுமானச் சேவைக்கு 9954 என்ற கோடு. ஆபீஸ் முகவரிக்கு வாடகை ஒப்பந்தமும் கரண்ட் பில்லும் கேட்டார்கள். உத்யம் பதிவு முழுக்க இலவசம். அதற்கும் பணம் வாங்குகிற இணையதளங்கள் இருக்கின்றன, ஏமாந்துவிடாதீர்கள்.

வேலை அனுபவச் சான்றுக்குத்தான் நாக்கு தள்ளிவிட்டது. அப்பாவோடு சேர்ந்தும் தனியாகவும் நிறைய வீடு கட்டியிருந்தேன். தனியார் வேலைக்குச் சான்று கொடுத்தால், அந்தப் பணம் வந்ததற்கு அத்தாட்சி கேட்பார்கள். வருமான வரி பிடித்த சான்று, 26ஏஎஸ்சில் (நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித் துறைக் கணக்கு) பதிவு, இப்படி ஏதாவது. கம்பெனிக்கு வேலை செய்தால் அவர்கள் அப்போது இருந்த வருமான வரிச் சட்டத்தின் 194சி பிரிவில் வரி பிடித்துத்தான் பணம் தருவார்கள், தானாகவே பதிவாகிவிடும். சொந்த வீடு கட்டுகிற சாதாரண ஆள் பிடிக்க வேண்டியதில்லை. தொகை ஓராண்டில் 50 லட்சத்தைத் தாண்டினால்தான் அதே சட்டத்தின் 194எம் என்ற பிரிவில் வீட்டுக்காரரே வரி பிடிக்க வேண்டும். அதனாலேயே எந்த வீட்டுக்காரரும் காகிதத்தில் அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை!

ஹொரமாவு பக்கம் ஓய்வுபெற்ற ஒரு தமிழ்க் குடும்பத்துக்குத் தரைத்தளமும் மேல் இரண்டு மாடியும் கட்டிக் கொடுத்திருந்தேன். என் வேலைகளில் பெரியது அதுதான். சான்று கேட்டுப் போனபோது வீட்டுக்காரர் காப்பி கொடுத்து உட்கார வைத்தார். நான் டைப் அடித்துக் கொண்டுபோன தாளைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். ரூபாய் போட்டிருந்த வரியில் விரலை வைத்தார்.

"தம்பி, நீ நல்லா கட்டினே. எந்த ஆபீஸ்ல கூப்பிட்டாலும் வந்து சொல்றேன். ஆனா இந்தத் தொகை மட்டும் போட வேண்டாமே."

"அது இல்லாம செல்லாதுங்க சார்."

"அப்ப பேங்க்ல கொடுத்ததை மட்டும் போட்டுக்கோ."

பேங்கில் கொடுத்தது மொத்தத்தில் பாதிகூட வராது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இந்த ஊரில் பணம் அப்படித்தான் கைமாறுகிறது, நானும் வாங்கிக்கொண்டுதானே இருந்தேன். மூன்று மாடி வீடு காகிதத்தில் ஒரு மாடியாகச் சுருங்கியது.

எனக்குக் கைகொடுத்தது வேறு வேலை. ஒரு ரிஜிஸ்டர்டு காண்டிராக்டரிடம் சப்-காண்டிராக்டாகச் செய்த சென்ட்ரிங், கான்கிரீட் வேலைகள். லாபம் குறைவு என்று அப்போது முணுமுணுத்துக்கொண்டே செய்தவைதான். ஆனால் எல்லாம் பில், எல்லாம் பேங்க், எல்லாவற்றுக்கும் வரி பிடித்தம். ஆடிட்டர் 26ஏஎஸ்சை இறக்கிப் பார்த்துவிட்டு, "இதை வச்சே போடலாம்" என்றார். இதற்காகவே, லைசென்ஸ் எண்ணம் இருக்கிறவர்கள் முன்கூட்டியே கம்பெனி வேலை, அபார்ட்மென்ட் சங்க வேலை என்று வரி பிடித்துக் கொடுக்கிற வேலையாகப் பார்த்து எடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஹோட்டல் கழிப்பறையை இடித்துக் கட்டியதாக இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது சால்வென்சி. இவர் இத்தனை லட்சத்துக்குத் தாங்குவார் என்று பேங்க் எழுதிக் கொடுக்கிற சான்று. கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. பேங்குக்கோ கிட்டத்தட்ட கடன் கொடுப்பது மாதிரியான விசாரணை. கணக்கில் எவ்வளவு புழங்குகிறது, சொத்து என்ன, யார் பெயரில் என்று எல்லாம் பார்ப்பார்கள். நாங்கள் குடியிருக்கிற வீடு ரெவின்யூ சைட், பி கட்டா. பெங்களூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: முறையான லேஅவுட் அனுமதி இல்லாத மனை; வீடு நம்முடையதுதான், வரியும் கட்டுகிறோம், ஆனால் பேங்க் மேனேஜர் அந்தக் கட்டாவைப் பார்த்ததும் ஃபைலை மூடிவிடுவார். எங்கள் கிளையில் அதுதான் நடந்தது.

ஓசூரில் என் பெயரில் ஒரு மனை இருந்தது. தமிழ்நாட்டு நகர ஊரமைப்புத் துறை (டிடிசிபி) அப்ரூவ்டு. வில்லங்கச் சான்று எடுத்து, மூலப் பத்திரத்தோடு அங்கே எனக்குக் கணக்கு இருந்த கிளைக்குப் போனேன். அவர்கள் தங்கள் வேல்யூவரை அனுப்பி மதிப்புப் போட்டு, ஒரு பிக்சட் டெபாசிட்டையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு சான்று கொடுத்தார்கள். வேல்யூவர் ஃபீஸ், சான்றுக்கு பேங்க் பிடிக்கும் கட்டணம் எல்லாம் நம் தலையில். ஒன்றை மறக்காதீர்கள்: இதைக் கடைசியில் வாங்குங்கள். பழைய தேதி போட்ட சால்வென்சியை ஏற்க மாட்டார்கள். மற்றவை எல்லாம் தயாரான பிறகு இதற்குப் போனால் போதும்.

அப்புறம் ஆட்கள் விவகாரம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் கட்டடத் தொழிலாளர் சட்டத்தில் நிறுவனப் பதிவு, இ.எஸ்.ஐ. இருபது தொட்டால் பி.எஃப். இது நான் எடுத்த காலத்துக் கணக்கு; 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டதால், இப்போது போகிறவர்கள் ஆடிட்டரிடம் புதிதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் இருந்தவர்களில் திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி ஆட்கள் கொஞ்சம், ராய்ச்சூர், யாத்கிர் பக்கத்துக் குடும்பங்கள் கொஞ்சம். ஒரு பெரியாளின் ஆதாரில் ஒரு பெயர், பேங்க் பாஸ்புக்கில் இன்னொரு பெயர், நாங்கள் கூப்பிடுவது மூன்றாவது பெயர். பி.எஃப். நம்பர் போட வழியே இல்லை. ஊருக்குப் போய் ஆதாரைத் திருத்திக்கொண்டு வரச் சொன்னால், அத்தனை நாள் கூலி போகுமே என்பார். நியாயம்தானே? பாதிக் கூலியை நானே கொடுத்து அனுப்பினேன்.

இந்த அலைச்சலில் ஒரு நல்லதும் நடந்தது. பன்னேருகட்டா ரோட்டில் தொழிலாளர் துறையின் கார்மிக பவனாவில் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தைப் பற்றி விசாரித்தேன். 18 முதல் 60 வயதுக்குள், கடந்த ஒரு வருஷத்தில் 90 நாள் கட்டட வேலை செய்திருந்தால் உறுப்பினராகலாம். காண்டிராக்டர் அந்த 90 நாளுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். எங்கள் சித்தாள் பெண்களுக்கு நான் போட்டுக் கொடுத்தேன். பிள்ளைகள் படிப்பு உதவி, பிரசவ உதவி என்று அதில் பல திட்டங்கள் உண்டு. லைசென்ஸ் எடுக்காவிட்டாலும் இதை மேஸ்திரிகள் செய்யலாம். ஏன் செய்வதில்லை என்றுதான் தெரியவில்லை.

சாதிச் சான்று பற்றியும் கேட்கிறார்கள். கர்நாடகத்தின் டெண்டர் சட்டம் 1999இல் வந்தது, கே.டி.பி.பி. என்பார்கள். அதில் பிறகு செய்த திருத்தத்தின்படி ஒரு வரம்புக்குட்பட்ட வேலைகளில் எஸ்.சி. காண்டிராக்டர்களுக்கு 17.15, எஸ்.டி.க்கு 6.95 சதவீதம் ஒதுக்கீடு. முதலில் 50 லட்சமாக இருந்த வரம்பை 2023இல் ஒரு கோடியாக்கினார்கள். ஆனால் தமிழ்நாட்டில் வாங்கிய சான்று இங்கே செல்லாது. வேலைக்காகக் குடியேறி இங்கேயே பிள்ளை குட்டி பெற்று வாழ்கிற எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இதில் வெளியே நிற்கின்றன. எனக்குத் தெரிந்த ஒருவர் என்னைவிட நல்ல வேலைக்காரர். இதனால் வந்த வெறுப்பில் விண்ணப்பமே போடவில்லை.

எல்லாம் சேர்ந்ததும் ஃபைல் கட்டினேன். பி.டபிள்யூ.டி. ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. நடத்துபவர் ஸ்ரீராம்புரத்துத் தமிழர். கவுன்டரில் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. என் கட்டை வாங்கிப் புரட்டியவர், "அண்ணா, பக்கத்துக்கு நம்பர் போடல. அஃபிடவிட்ல அப்பா பேரு முழுசா இருக்கு, பான்ல இனிஷியல்தான் இருக்கு. திருப்பித்தான் அனுப்புவாங்க" என்றார். புது இ-ஸ்டாம்ப் தாள் வாங்கி, நோட்டரியிடம் மறுபடி போனேன். நம் ஆட்களுக்கு இந்த இனிஷியல் தலைவலி எங்கே போனாலும் உண்டு. எல்லா ஆவணத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதை முதல் நாளே பாருங்கள்.

அந்தக் கடை வாசலிலேயே ஏஜென்ட்களும் நிற்பார்கள். "எதுவும் வேண்டாம், பான் மட்டும் கொடுங்க, சர்டிபிகேட் வீட்டுக்கு வரும்" என்று ஒருவர் சொன்ன தொகையில் ஒரு பழைய கான்கிரீட் மிக்சர் வாங்கலாம். சால்வென்சி எப்படி வரும் என்று கேட்டேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்றார். பார்த்துக்கொள்வது என்றால் போலி என்று அர்த்தம். பின்னால் சரிபார்ப்பில் மாட்டினால் பிளாக்லிஸ்ட் ஆவது நம் பெயர்தான், அவர் பெயரல்ல. 2021இல் மாநில ஒப்பந்ததாரர் சங்கமே கமிஷன் கொடுமை என்று பிரதமருக்குக் கடிதம் எழுதியது ஊரறிந்த விஷயம். இந்தத் தொழிலில் எல்லாம் சுத்தம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் பதிவைப் பொறுத்தவரை, காகிதம் சரியாக இருந்தால் ஏஜென்ட் இல்லாமலே வேலை முடிகிறது. தாமதமாகும், அவ்வளவுதான். எனக்கும் தாமதமாயிற்று. ஒரு மேசையில் கேட்ட கேள்வியையே இன்னொரு மேசையிலும் கேட்டார்கள். கன்னடம் நன்றாகப் பேச வந்ததால் சமாளித்தேன். கடிதம் எழுதத்தான் பக்கத்து வீட்டுப் பெண் உதவினாள்.

சான்று கைக்கு வந்ததும் வேலை கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். டெண்டர் எல்லாம் இணையத்தில். அதற்கு கிளாஸ் 3 டிஜிட்டல் கையெழுத்து வேண்டும், பென் டிரைவ் மாதிரி ஒரு டோக்கனில் தருவார்கள். கிளாஸ் 2 என்பது 2021 ஜனவரியோடு போய்விட்டது. வாங்கும்போது கையெழுத்துக்கும் என்கிரிப்ஷனுக்கும் சேர்த்தே வாங்குங்கள். அந்த டோக்கனைக் கணினி மையத்துப் பையனிடம் பாஸ்வேர்டோடு கொடுத்து வைக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. வெற்றுக் காசோலையைக் கொடுத்துவிட்டு வருகிற மாதிரி அது.

முதல் வேலை, பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு பள்ளிக்குக் காம்பவுண்டு சுவரும் கழிப்பறை மராமத்தும். அப்பா தினமும் வந்து நின்றார். கட்டுவதில் சிக்கலே இல்லை. ஜூனியர் இன்ஜினியர் டேப் பிடித்து அளந்து மெஷர்மென்ட் புக்கில் ஏற்றுவார், அதன்படிதான் பில். மண்ணுக்குள் போகும் கடைக்காலை மூடுவதற்கு முன் அளக்கச் சொல்லிவிட வேண்டும், போட்டோவும் எடுத்து வைக்க வேண்டும். மூடிய பிறகு அங்கே எத்தனை அடி கல் இருக்கிறது என்று யாருக்கும் காட்ட முடியாது.

பில் தொகையைக் கண்டு அப்பாவுக்கு அதிர்ச்சி. ஒரு லட்சம் என்றால் வருமான வரி ஆயிரம், ஜிஎஸ்டி பிடித்தம் இரண்டாயிரம், தொழிலாளர் செஸ் ஆயிரம், அது போகப் பாதுகாப்பு வைப்பு. வருமான வரியை ரிட்டர்னில் கணக்குக் காட்டிக்கொள்ளலாம். ஜிஎஸ்டி பிடித்தம் ஜிஎஸ்டி தளத்தில் உள்ள நம் கேஷ் லெட்ஜரில் வந்து விழும். செஸ் போனது போனதுதான். டெண்டர் போடும்போதே இந்தச் செஸ்ஸையும், ஜிஎஸ்டி தொகைக்குள் அடக்கமா தனியா என்பதையும் பார்த்து ரேட் போட வேண்டும். அரசு வேலைக்கு 12 ஆக இருந்த வரியை 2022 ஜூலை 18 முதல் 18 ஆக்கிவிட்டார்கள்; பழைய ஆட்கள் சொல்கிற கணக்கை நம்பி ரேட் போட்டால் கையைக் கடிக்கும்.

பாதுகாப்பு வைப்பு, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (குறை வந்தால் நாமே சரிசெய்து தர வேண்டிய காலம்) முடிந்ததும் எழுதிக் கேட்டால்தான் வரும். தானாக வராது. அந்த மனுவோடு பணி நிறைவுச் சான்றின் நகல் கேட்பார்கள். அதனால் வேலை முடிந்த கையோடு, இன்ஜினியர் மாற்றலாகிப் போவதற்குள், அந்தச் சான்றை முத்திரையோடு வாங்கி ஸ்கேன் செய்து வையுங்கள். மேல் வகுப்புக்கு விண்ணப்பிக்கும்போதும் அதே சான்றுதான் தேவைப்படும், ஹொரமாவு வீடு அல்ல.