பெரியப்பாவின் உயில்

பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. கல்லிடைக்குறிச்சி வீடும் வாய்க்காலோர வயலும் யாருக்கு என்ற பேச்சு பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததுமே கிளம்பிவிட்டது. பெரியம்மையைக் கேட்டால், "அம்பாசமுத்திரத்துக்குப் போய் கையெழுத்துப் போட்டுட்டு வந்தாவ, அதான் தெரியும்" என்றாள்.

மச்சிலிருந்த டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தோம். தீர்வை ரசீது, உர பில், யார் யாருடையதோ கல்யாணப் பத்திரிகைகள், மொய் நோட்டு. உயில் மட்டும் இல்லை. சித்தப்பா மகன் ஈ.சி. (சொத்தின் பத்திரப் பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்று) போட்டுப் பார்த்துவிட்டு, "உயிலே கிடையாது" என்று சாதித்தான். (அவனுக்கு அது இல்லாமலிருந்தால் நல்லது, அது வேறு கதை.)

ஒரு பத்திர எழுத்தர்தான் விளக்கினார். வில்லங்கச் சான்றில் வருவது பதிவு அலுவலகத்தின் 1ஆம் புத்தகப் பதிவுகள். உயில் ஏறுவது 3ஆம் புத்தகத்தில். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய ஏஜெண்டுக்கோதான் நகல் தருவார்கள். காலமான பிறகு இறப்புச் சான்றிதழோடு யாரும் மனு கொடுக்கலாம். சிலர் முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்து வைப்பதும் உண்டாம். ஆனால் பதிவு கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகளோடு வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். அதுதான் எங்களுக்குப் பயம்.

நல்லவேளை, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு இருந்தது. வீடும் வயலும் ஆயுள்வரை பெரியம்மைக்கு, அப்புறம் அத்தை மகளுக்கு. சித்தப்பா மகன் இப்போது சாட்சிகளை விசாரித்துக்கொண்டிருக்கிறான்.